பழமைவாதி என்றால் யார்? அரிசோனா சபாநாயகர் ஒருவரை வைத்து ஒரு விளக்கம்

தமிழில் ஒருவரைப் 'பழமைவாதி' என்று சொன்னால் அது அநேகமாக வசவுதான். பெண்ணை மேல்படிப்புக்கு அனுப்ப மறுப்பவர், எதற்கெடுத்தாலும் 'எங்கள் காலத்தில்' என்று ஆரம்பிப்பவர் என்று ஓர் உருவம் மனதில் வந்து நிற்கும். தன்னைத் தானே அப்படி அழைத்துக்கொள்ளும் ஆள் நம்மிடையே அபூர்வம். அமெரிக்காவில், அதிலும் அரிசோனா போன்ற ஒரு மாநிலத்தில், நிலைமை தலைகீழ். அங்கே தேர்தலில் நிற்கும் குடியரசுக் கட்சிக்காரர் தன் விளம்பர அட்டையிலேயே 'கன்சர்வேட்டிவ்' என்று பெருமையாகப் போட்டுக்கொள்வார். உட்கட்சிப் போட்டியில் அவரைக் கவிழ்க்க நினைப்பவர், 'இவர் உண்மையான கன்சர்வேட்டிவ் இல்லை' என்பார். அதுதான் அங்கே வசவு.

சரி, அந்தச் சொல்லுக்கு அங்கே என்னதான் பொருள்? வழக்கமாகக் கிடைக்கும் பதில் ஒரு பட்டியல்: வரி குறைய வேண்டும், அரசாங்கம் சிறியதாக இருக்க வேண்டும், துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையில் கை வைக்கக் கூடாது, கருக்கலைப்பு கூடாது, பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பதைப் பெற்றோர் முடிவு செய்ய வேண்டும். பட்டியல் தப்பில்லை. ஆனால் அதை மனப்பாடம் செய்துவிட்டு அமெரிக்கச் செய்திகளைப் படித்தால் பாதி விஷயம் புரியாது. ஆகவே ஓர் ஆளைப் பிடித்துக்கொள்வோம். அரிசோனா பிரதிநிதிகள் அவையில் 2019 முதல் 2023 தொடக்கம் வரை சபாநாயகராக இருந்த ரஸ்டி பவர்ஸ். மேலே சொன்ன பட்டியலில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் டிக் போடக்கூடியவர். அப்படிப்பட்டவரை அவருடைய கட்சியே 2022-இல் கண்டித்துத் தீர்மானம் போட்டது; அவருடைய ஊர்க் கட்சிக்காரர்களே தோற்கடித்தார்கள். ஏன் என்று பார்த்தால், அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு வேறு விஷயங்கள் குடியிருப்பது தெரியும்.

முதலில் ஒரு மாநில சட்டமன்ற உறுப்பினர் என்பவர் அங்கே யார் என்று பார்த்துவிடலாம். இது தெரியாவிட்டால் பின்னால் வரும் கதை பிடிபடாது.

அரிசோனா 30 தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் செனட் எனும் மேலவைக்கு ஒருவர், பிரதிநிதிகள் அவை எனும் கீழவைக்கு இருவர். ஆக 30 செனட்டர்கள், 60 பிரதிநிதிகள். எல்லாருக்கும் பதவிக்காலம் இரண்டே வருடம். வருடச் சம்பளம் 24,000 டாலர். அமெரிக்கக் கணக்கில் இது ஒரு குடும்பம் நடத்தப் போதாத தொகை. 1998-இல் வாக்காளர்கள் 15,000-இலிருந்து இந்த அளவுக்கு உயர்த்திக் கொடுத்தார்கள். அப்புறம் உயர்த்தக் கேட்டபோதெல்லாம் முடியாது என்று ஓட்டுப் போட்டுவிட்டார்கள். ஆம், உறுப்பினர்களின் சம்பளத்தை அங்கே தீர்மானிப்பது ஓட்டுப் பெட்டி. ஜனவரி இரண்டாவது திங்கட்கிழமை கூட்டத்தொடர் ஆரம்பிக்கும். நூறு நாளில் முடித்துவிட வேண்டும் என்பது எதிர்பார்ப்பு, பெரும்பாலும் இழுக்கும். மற்ற மாதங்களில் உறுப்பினர் தன் பிழைப்பைப் பார்க்கப் போய்விட வேண்டும். விவசாயி, வீட்டுமனை முகவர், ஆசிரியர், வக்கீல் எல்லாரும் இருப்பார்கள். பவர்ஸ் ஓவியர், சிற்பி. நீர்வண்ணத்தில் பாலைவனத்தை வரைவார், வெண்கலத்தில் சிலை வார்ப்பார்.

பகுதிநேர அரசியல்வாதி என்ற இந்த ஏற்பாடே ஒரு பழமைவாதக் கருத்துதான். ஆட்சி செய்வது தனித் தொழிலாகிவிடக் கூடாது, ஊரில் வேலை பார்ப்பவன் வந்து சட்டம் செய்துவிட்டுத் திரும்பப் போக வேண்டும் என்பது அதன் பின்னாலிருக்கும் எண்ணம். 1992-இல் வாக்காளர்கள் இன்னும் இரண்டு காரியம் செய்தார்கள். ஒன்று, ஓர் அவையில் தொடர்ந்து நான்கு முறைக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். (அவை மாறிப் போட்டியிடலாம். அதனால் எட்டு வருடம் முடிந்ததும் கீழவைக்காரர் மேலவைக்கும் மேலவைக்காரர் கீழவைக்கும் தாவுவது அங்கே சகஜம். சட்டம் ஒன்று வந்தால் அதைச் சுற்றிப் போகும் பாதையும் கூடவே வந்துவிடுகிறது.) இரண்டாவது, வரியை உயர்த்த இரண்டு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்று மாநில அரசியல் சட்டத்திலேயே எழுதினார்கள். வரியைக் குறைக்கச் சாதாரணப் பெரும்பான்மை போதும். ஏற்ற வேண்டுமென்றால் மலை ஏற வேண்டும். அரிசோனாவில் பழமைவாதம் மேடைப் பேச்சோடு நிற்காமல் விதிப் புத்தகத்துக்குள் நுழைந்த விதம் இது.

பவர்ஸ் அதே சமயத்தில்தான் உள்ளே வருகிறார். 1993 முதல் 1997 வரை கீழவை, 1997 முதல் 2001 வரை செனட். அப்புறம் நீண்ட இடைவெளி. 2015-இல் திரும்பி வந்தார். 2019-இல் சபாநாயகர். அவருடைய ஊர் மேசா. மாநிலத் தலைநகர் ஃபீனிக்ஸுக்குக் கிழக்கே ஒட்டியிருக்கும் நகரம், 2020 கணக்கெடுப்பில் ஐந்து லட்சத்தைத் தாண்டிய மக்கள்தொகை. 1878-இல் மார்மன் (அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவப் பிரிவு) குடியேறிகள் வந்து, பழங்குடிகள் நூற்றாண்டுகளுக்கு முன் வெட்டிய பழைய வாய்க்கால்களைத் தூர்வாரித் தண்ணீர் கொண்டுவந்து உண்டாக்கிய ஊர். பவர்ஸும் மார்மன். அந்த மதத்தில் ஒரு நம்பிக்கை உண்டு: அமெரிக்க அரசியல் சட்டம் கடவுளின் அருளால் தூண்டப்பட்டு எழுதப்பட்டது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் இந்த ஒரு வரி இல்லாமல் பவர்ஸைப் புரிந்துகொள்ள முடியாது. அவருக்குப் பதவிப் பிரமாணம் என்பது ஒரு சடங்கல்ல, கிட்டத்தட்ட வேதத்தின் மேல் கை வைத்துச் செய்யும் சத்தியம்.

அரிசோனாவின் பழமைவாதத்துக்கு ஒரு வம்சாவளியும் உண்டு. பேரி கோல்டுவாட்டர், ஃபீனிக்ஸ் நகர மன்றத்தில் தொடங்கி அமெரிக்க செனட்டுக்குப் போய், 1964-இல் ஜனாதிபதித் தேர்தலில் நின்று படுதோல்வி கண்டவர். ஜெயித்தது ஆறே மாநிலங்கள். ஆனால் இன்றைய அமெரிக்கப் பழமைவாத இயக்கம் தன் பிறப்பை அந்தத் தோல்வியிலிருந்துதான் எண்ணும். சாண்ட்ரா டே ஓ'கானர் என்ற பெயர் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி என்று பலருக்கும் தெரிந்திருக்கும். அவர் அதற்கு முன் அரிசோனா செனட்டில் உறுப்பினர். 1973-இல் அங்கே பெரும்பான்மைக் கட்சித் தலைவரானார். அமெரிக்காவில் எந்த மாநில செனட்டிலும் ஒரு பெண் அந்தப் பொறுப்புக்கு வந்தது அதுவே முதல் முறை. அப்புறம் 1974 ஆகஸ்ட் 7-ஆம் தேதி. வாட்டர்கேட் ஊழலில் சிக்கியிருந்த ஜனாதிபதி நிக்ஸனிடம், 'உங்களைக் காப்பாற்ற காங்கிரஸில் (அமெரிக்க நாடாளுமன்றத்தில்) ஓட்டு இல்லை' என்று நேரில் போய்ச் சொன்ன குடியரசுக் கட்சித் தலைவர்கள் மூவர். அவர்களில் இருவர் அரிசோனாக்காரர்கள்: கோல்டுவாட்டர், மற்றவர் ஜான் ரோட்ஸ். ரோட்ஸின் ஊர் எது என்றால், மேசா. மறுநாள் நிக்ஸன் ராஜினாமாவை அறிவித்தார்.

இதே மேசாவிலிருந்து வேறு மாதிரிப் பழமைவாதியும் வந்திருக்கிறார். ரஸல் பியர்ஸ், இவரும் மார்மன், 2011-இல் மாநில செனட் தலைவர். போலீஸார் யாரையாவது சட்டப்படி நிறுத்தும்போது அவர் சட்டவிரோதமாகக் குடியேறியவரோ என்ற சந்தேகம் வந்தால் ஆவணம் கேட்டே ஆக வேண்டும் என்ற 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின் சூத்திரதாரி. அவரை 2011 நவம்பரில் தொகுதி மக்கள் பதவிக்காலம் முடியும் முன்பே திரும்ப அழைத்தார்கள்; அவரை வீழ்த்தியவரும் குடியரசுக் கட்சிக்காரரே. அடுத்த வருடம் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியப் பகுதிகள் பலவற்றை ரத்து செய்தது. ஒரே ஊர், ஒரே மதம், ஒரே கட்சி. ஆனாலும் பியர்ஸையும் பவர்ஸையும் ஒரே அச்சில் வார்த்தவர்கள் என்று சொல்ல முடியாது.

சபாநாயகராக பவர்ஸ் என்ன செய்தார்? பட்டியலில் உள்ளதைத்தான். 2021-இல் மாநில வருமான வரியைப் படிப்படியாக எல்லாருக்கும் ஒரே விகிதமாக, 2.5 சதவீதமாகக் குறைக்கும் சட்டம் அவருடைய அவை வழியாகப் போனது. 2022-இல் 15 வாரத்துக்கு மேற்பட்ட கருக்கலைப்புக்குத் தடை. அதே வருடம் பள்ளிக் கல்விக்கான திட்டம் ஒன்று. இதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். பிள்ளை அரசுப் பள்ளிக்குப் போகாவிட்டால், அந்தப் பிள்ளைக்கு அரசு செலவழித்திருக்கும் பணத்தின் பெரும்பகுதி பெற்றோரின் கணக்குக்கு வரும். அதைத் தனியார் பள்ளிக்கோ வீட்டிலேயே படிப்பதற்கோ செலவிடலாம். 2011-இல் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்காகச் சிறியதாக ஆரம்பித்தது. 2017-இல் எல்லாருக்கும் விரிக்கப் பார்த்தார்கள். 2018-இல் அது மக்கள் முன் ஓட்டெடுப்புக்கு வந்தபோது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் வேண்டாம் என்றார்கள். நான்கே வருடம் கழித்து சட்டமன்றம் மறுபடியும் கொண்டுவந்து நிறைவேற்றிவிட்டது. மக்களின் குரலை மதிக்கிறோம் என்று சொல்லும் கட்சி இப்படிச் செய்யலாமா என்று கேட்டால், என்னிடம் அவர்களுக்காகச் சொல்ல நல்ல பதில் இல்லை.

தேர்தல் விதிகளிலும் அவர் கட்சி பக்கம்தான். தபால் ஓட்டுப் பட்டியலில் இருந்துகொண்டு தொடர்ந்து அந்த வழியில் ஓட்டுப் போடாதவர்களை அந்தப் பட்டியலிலிருந்து நீக்க வகைசெய்யும் சட்டம் 2021 மே மாதம் வந்தது. ஜனநாயகக் கட்சி கடுமையாக எதிர்த்தது. அப்போது கீழவையில் குடியரசுக் கட்சி 31, ஜனநாயகக் கட்சி 29. மசோதா நிறைவேற 31 ஓட்டு வேண்டும். ஒருவர் முறுக்கிக்கொண்டாலும் எல்லாம் நின்றுவிடும். சபாநாயகரும் ஓட்டுப் போட்டாக வேண்டிய நிலை. நம் ஊரில் 1985 முதல் கட்சித் தாவல் தடைச் சட்டம் இருக்கிறது. கொறடா உத்தரவை மீறினால் பதவியே போகலாம். அங்கே அப்படி எதுவும் கிடையாது. ஒவ்வோர் உறுப்பினரையும் உட்கார வைத்துப் பேசித்தான் 31-ஐச் சேர்க்க வேண்டும்.

பட்டியலோடு ஒட்டாத காரியமும் உண்டு. ஓரினச் சேர்க்கையாளர்களுக்கும் மாறிய பாலினத்தவருக்கும் வேலையிலும் வீட்டு வாடகையிலும் பாகுபாடு காட்டக் கூடாது, அதே சமயம் மத அமைப்புகளுக்கு விலக்கு என்று 2022-இல் ஒரு மசோதாவை பவர்ஸ் கொண்டுவந்தார். அவருடைய திருச்சபையே ஆதரித்தது. கட்சிக்குள் எதிர்ப்பு வந்ததால் அது முன்னேறவில்லை. பதவியேற்ற முதல் மாதத்தில், கொலராடோ ஆற்று வறட்சியைச் சமாளிக்கும் திட்டத்தை 2019 ஜனவரி 31 கெடுவுக்குள் நிறைவேற்றியதிலும் அவருக்குப் பங்கு உண்டு. அதற்கு விவசாயிகள், நகரங்கள், பழங்குடி நாடுகள், இரண்டு கட்சிகள் எல்லாரும் சம்மதிக்க வேண்டியிருந்தது. தண்ணீர் என்று வந்துவிட்டால் அரிசோனாவில் கட்சிக்கொடி கொஞ்சம் தாழப் பறக்கும்.

இதுவரை சொன்னதை மட்டும் வைத்துப் பார்த்தால் பவர்ஸ் பெயர் மேசாவைத் தாண்டித் தெரிந்திருக்க நியாயமில்லை. தெரிய வைத்தது 2020 தேர்தல்.

அந்தத் தேர்தலில் அரிசோனாவை ஜோ பைடன் 10,457 ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். பதிவான ஓட்டு 33 லட்சத்துக்கு மேல். 1996-க்குப் பிறகு ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஒருவர் அங்கே ஜெயித்தது அதுவே முதல் தடவை. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் ஜனாதிபதியை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை 'எலெக்டர்கள்' என்று ஒரு கணக்கு. அவர்கள்தான் கடைசியில் ஓட்டுப் போடுகிறார்கள். அப்போது அரிசோனாவுக்கு 11 பேர். இந்த எலெக்டர்களை எப்படி நியமிப்பது? அந்தந்த மாநிலச் சட்டமன்றம் சொல்லும் விதத்தில் என்கிறது அமெரிக்க அரசியல் சட்டத்தின் இரண்டாவது பிரிவு. அரிசோனா சட்டமன்றம் எப்போதோ சொல்லிவிட்டது: மக்கள் ஓட்டில் ஜெயித்தவருடைய எலெக்டர்களே நியமிக்கப்பட வேண்டும்.

அந்த 'சட்டமன்றம் சொல்லும் விதத்தில்' என்ற சொற்றொடரைத்தான் டிரம்ப் தரப்பு பிடித்துக்கொண்டது. சட்டமன்றம் கொடுத்ததைச் சட்டமன்றமே திரும்ப எடுத்துக்கொள்ளலாமே, பைடனின் 11 பேரை நீக்கிவிட்டு நம் 11 பேரை வைத்தால் என்ன? ஆண்டுக்கு 24,000 டாலர் சம்பளம் வாங்கும் ஒரு மாநில சபாநாயகருக்கு வெள்ளை மாளிகையிலிருந்து ஏன் போன் வந்தது என்பதற்கு விடை இதுதான்.

போன் வந்தது 2020 நவம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை. பவர்ஸ் அப்போதுதான் தேவாலயத்திலிருந்து வீடு திரும்பியிருந்தார். மறுமுனையில் டிரம்பும் அவருடைய வக்கீல் ரூடி ஜூலியானியும். இறந்தவர்கள் பெயரில் ஆயிரக்கணக்கான ஓட்டு, குடியுரிமை இல்லாதவர்கள் லட்சக்கணக்கில் ஓட்டு என்றார் ஜூலியானி. பெயர்ப்பட்டியல் இருக்கிறதா என்று பவர்ஸ் கேட்டார். இருக்கிறது, தருகிறோம் என்றார்கள். வரவே இல்லை. சட்டமன்றத்தில் அதிகாரபூர்வ விசாரணை ஒன்று நடத்துங்கள் என்ற கோரிக்கையையும் அவர் ஏற்கவில்லை. அது ஒரு சர்க்கஸ் ஆகிவிடும் என்பது அவர் எண்ணம். பிறகு ஜூலியானி ஃபீனிக்ஸுக்கே வந்து சந்தித்தபோது, 'எங்களிடம் நிறைய ஊகங்கள் இருக்கின்றன, ஆதாரம்தான் இல்லை' என்ற அர்த்தத்தில் சொன்னதாக பவர்ஸ் பின்னால் சாட்சியம் அளித்தார். வாய்தவறி வந்ததா, யோசிக்காமல் சொன்னதா தெரியவில்லை, ஆனால் கூட்டம் முடிந்ததும் நாங்கள் அதைச் சொல்லிச் சிரித்தோம் என்றார்.

அந்தச் சந்திப்பில் ஜூலியானி இன்னொன்றும் கேட்டாராம்: நாமெல்லாம் குடியரசுக் கட்சிக்காரர்கள்தானே? இன்னும் நல்ல வரவேற்பை எதிர்பார்த்தேனே?

இந்தக் கட்டுரைக்குத் தேவையானது முழுக்க அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. ஜூலியானிக்குப் பழமைவாதம் என்பது ஓர் அணி. நீ நம்மாள், ஆகவே நமக்காகச் செய். பவர்ஸுக்கு அது வேறு. முன்னோர் வகுத்து வைத்த விதிகள் நம்மைவிட அறிவுள்ளவை, நாளைக்கு நமக்கு அசௌகரியமாக இருக்கிறது என்பதற்காக அவற்றை வளைக்கக் கூடாது. இரண்டையும் ஒரே சொல்லால்தான் அழைக்கிறார்கள். சாதாரண நாளில் இரண்டும் ஒரே திசையில் போவதால் வேறுபாடு கண்ணில் படாது. வரியைக் குறைக்கும் ஓட்டெடுப்பில் இரண்டு வகையாரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து கை தூக்குவார்கள். கட்சி தோற்ற அன்றைக்குத்தான் யார் எந்த வகை என்று தெரியும்.

டிசம்பர் 4-ஆம் தேதி பவர்ஸ் ஓர் அறிக்கை விட்டார். ஒரு பழமைவாதக் குடியரசுக் கட்சிக்காரன் என்ற முறையில் இந்தத் தேர்தல் முடிவு எனக்குப் பிடிக்கவில்லை. டிரம்புக்குத்தான் ஓட்டுப் போட்டேன், அவர் ஜெயிக்க உழைத்தேன். ஆனால் சான்றளிக்கப்பட்ட முடிவை மாற்ற நடப்புச் சட்டத்தை மீறும் யோசனையை ஏற்க மாட்டேன். இதுதான் சாரம். அவர் 'பழமைவாதி' என்ற சொல்லைக் கைவிடவில்லை என்பதைப் பாருங்கள். அந்தச் சொல்லைக் காரணமாகக் காட்டித்தான் மறுத்தார். அதிலும் ஒரு நடைமுறைச் சிக்கலும் இருந்தது: கவர்னர் கூட்டாமல் சட்டமன்றம் தானாகக் கூட வேண்டுமென்றால் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் கையெழுத்திட வேண்டும். 31-29 அவையில் அதற்கு வாய்ப்பே இல்லை.

2021 ஜனவரி முதல் வாரத்தில் டிரம்ப் தரப்பு வக்கீல் ஜான் ஈஸ்ட்மன் பேசினார். எலெக்டர்களை ரத்து செய்துவிடுங்கள், சரியா தப்பா என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும் என்பது அவர் யோசனை. ஜனவரி 6 காலையில், வாஷிங்டனில் டிரம்ப் ஆதரவாளர்களின் கும்பல் கூடி நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுவதற்குச் சற்று முன், அரிசோனாவின் காங்கிரஸ் உறுப்பினர் ஆண்டி பிக்ஸ் அழைத்து அதையே கேட்டார். எல்லாருக்கும் ஒரே பதில்.

விலை வீட்டு வாசலில் வந்து நின்றது. வாரக் கடைசிகளில் அவர் தெருவில் ஒலிபெருக்கி கட்டிய வண்டிகள். பெரிய திரையில் அவரைக் குழந்தைகளிடம் தவறாக நடப்பவர், ஊழல்வாதி என்று படம் ஓட்டின. துப்பாக்கி ஏந்திய ஒருவர் பக்கத்து வீட்டுக்காரரை மிரட்டினார். அந்த நாட்களில் பவர்ஸின் மகள் வீட்டுக்குள் மரணப் படுக்கையில் இருந்தார். 2021 ஜனவரி கடைசியில் இறந்துபோனார். வெளியே நடப்பது மகளின் காதில் விழுந்துகொண்டிருந்தது என்பதைச் சொல்லும்போதுதான் சாட்சியத்தில் அவர் குரல் தடுமாறியது. அதே வருடம் ஜூனில் ஒரு காட்டுத்தீ அவருடைய பண்ணையையும் ஓவியக் கூடத்தையும் எரித்துவிட்டது. அதற்கும் அரசியலுக்கும் சம்பந்தமில்லை. காட்டுத்தீ அரிசோனாவில் கோடைக்குக் கோடை வருவது. ஆனாலும் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

ஓட்டில் மோசடி என்ற பேச்சு என்ன ஆனது? மாநில செனட்டே ஒரு தனியார் நிறுவனத்தை அமர்த்தி, ஃபீனிக்ஸ் அடங்கிய மரிகோபா மாவட்டத்தின் 21 லட்சம் ஓட்டுச் சீட்டுகளைக் கையால் திரும்ப எண்ண வைத்தது. 2021 செப்டம்பரில் முடிவு வந்தது. பைடனுக்கு 99 ஓட்டு கூடியிருந்தது. டிரம்புக்கு 261 குறைந்திருந்தது.

அத்தோடு விட்டார்களா? 2022 தொடக்கத்தில் குடியரசுக் கட்சி உறுப்பினர் ஒருவர் மசோதா ஒன்று கொண்டுவந்தார். எல்லா ஓட்டையும் கையால் எண்ண வேண்டும், முன்கூட்டியே ஓட்டுப் போடும் வசதி பெரும்பாலும் ரத்து, கடைசியாக, சட்டமன்றம் கூடித் தேர்தல் முடிவை ஏற்கலாம் அல்லது நிராகரிக்கலாம். இங்கேதான் சபாநாயகர் என்ற பதவியின் சூட்சுமம் வருகிறது. எந்த மசோதா எந்தக் குழுவுக்குப் போகும் என்று தீர்மானிப்பது அவர். வழக்கமாக ஒன்று அல்லது இரண்டு குழு. பவர்ஸ் அந்த மசோதாவை அவையில் இருந்த 12 குழுக்களுக்கும் அனுப்பினார். பன்னிரண்டிலும் தேறி வந்தால்தான் மன்றத்துக்கு வரும். மறுப்புப் பேச்சு இல்லை, சண்டை இல்லை. கிடப்பில் போடுவது என்பதை இவ்வளவு அழகாகச் செய்து நான் பார்த்ததில்லை. பழமைவாதியின் ஆயுதம் நடைமுறை விதி. இவர் அதைத் தன் கட்சியின் மசோதா மேலேயே வீசினார்.

2022 ஜூன் 21 அன்று ஜனவரி 6 கலவரத்தை விசாரித்த நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னார். அன்று காலையில் டிரம்ப் அவரை 'ரைனோ' என்று திட்டி அறிக்கை விட்டிருந்தார். 'பெயரளவில் மட்டும் குடியரசுக் கட்சிக்காரர்' என்பதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்த சொல் அது. காண்டாமிருகத்துக்கும் அதே உச்சரிப்பு என்பதால் கேலிச்சித்திரக்காரர்களுக்குக் கொண்டாட்டம். தேர்தலில் மோசடி நடந்ததாக பவர்ஸே தன்னிடம் ஒப்புக்கொண்டார் என்றும் அந்த அறிக்கை சொன்னது. எந்த இடத்திலும், யாரிடமும், எப்போதும் நான் அப்படிச் சொல்லவில்லை என்று பவர்ஸ் சத்தியம் செய்து மறுத்தார். தன் நாட்குறிப்பிலிருந்து சில வரிகளும் படித்தார்: ஏமாற்றி ஜெயிக்க எனக்கு விருப்பமில்லை, நான் விசுவாசப் பிரமாணம் எடுத்த சட்டங்களோடு விளையாட மாட்டேன் என்ற பொருளில்.

பலருக்குக் குழப்பம் தந்தது, அந்தச் சமயத்தில் அசோசியேட்டட் பிரஸ் நிருபரிடம் அவர் சொன்னது. பைடனுக்கும் டிரம்புக்கும் மறுபடி போட்டி என்றால் டிரம்புக்கே ஓட்டுப் போடுவேன் என்றார். கேட்டவர்கள் அதிர்ந்தார்கள். சில வாரங்களில் அதை மாற்றிக்கொண்டு, இனி ஒருபோதும் மாட்டேன் என்றார். முதலில் சொன்னதைச் சந்தர்ப்பவாதம் என்று தள்ளிவிட எனக்குத் தோன்றவில்லை. கொள்கைப் பட்டியலில் அவர் இன்னும் அந்தப் பக்கம்தான் இருந்தார். அவர் மறுத்தது கொள்கைகளை அல்ல, ஒரு செயலை மட்டுமே. நம்மூர் அரசியலில் ஒருவர் தலைவரோடு முரண்பட்டால் மறுநாளே எதிரணி மேடையில் ஏறிவிடுவார் என்று எதிர்பார்த்துப் பழகிவிட்டோம். அதனால் இந்த நிலை நமக்கு விளங்காமல் போகிறது.

ஜூலை 19-இல் மாநிலக் கட்சியின் செயற்குழு அவரைக் கண்டித்தது. கீழவையில் எட்டு வருடம் முடிந்துவிட்டதால் செனட்டுக்கு நின்றார். ஆகஸ்ட் 2 உட்கட்சித் தேர்தலில் எதிரே நின்றவர் முன்னாள் செனட்டர் டேவிட் ஃபார்ன்ஸ்வொர்த், டிரம்ப் ஆதரித்த வேட்பாளர். 2020 தேர்தல் திருடப்பட்டது, அதன் பின்னால் சாத்தானே இருக்கிறான் என்று விவாதத்தில் சொன்னவர். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு அவருக்கு. பவர்ஸுக்கு இது ஆச்சரியமில்லை. ஜெயித்தால் அதிசயம் என்று முன்பே சொல்லியிருந்தார். பள்ளிப் பணத்திலும் வரியிலும் அவர் செய்து கொடுத்ததெல்லாம் வாக்காளர் கணக்கில் எடுபடவில்லை.

சட்டமன்றமே எலெக்டர்களை மாற்றலாம் என்ற, பவர்ஸ் மறுத்த அந்த வாதம் அப்புறம் வேறு இரண்டு இடங்களிலும் அடிபட்டது. 2022 டிசம்பரில் காங்கிரஸ் எலெக்டர் ஓட்டு எண்ணும் பழைய சட்டத்தைத் திருத்தி, தேர்தல் நாளுக்குப் பிறகு மாநிலங்கள் விதியை மாற்றி எலெக்டர்களை நியமிக்கும் வழியை அடைத்தது. 2023 ஜூனில், மாநிலச் சட்டமன்றங்கள் மாநில நீதிமன்றங்களுக்குக் கட்டுப்படாமல் தேசியத் தேர்தல் விதிகளை வகுக்கலாம் என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் நிராகரித்தது. தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ்; பழமைவாதி என்று எல்லாராலும் எண்ணப்படுபவர்.

2023 ஜனவரி 6-ஆம் தேதி, பதவிக்காலம் முடிகிற வாரத்தில், பவர்ஸ் வெள்ளை மாளிகைக்குப் போய் ஜனாதிபதியின் குடிமக்கள் பதக்கத்தை வாங்கிக்கொண்டார். அதைக் கழுத்தில் போட்டுவிட்டவர் பைடன். அவர் ஜெயிக்கக் கூடாது என்றுதான் பவர்ஸ் ஓட்டுப் போட்டிருந்தார்.